நீலப் புள்ளியின் நடமாட்டம்

"நகருது! சுப்பம்மா, புள்ளி நகருது!"

முத்துவீரன் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினார். நீலப் புள்ளி என்பது அவருடைய மருமகள் தனுஜா. துணி துவைக்கப் பைப்படிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், இப்போது பைப்படியைத் தாண்டித் தார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

"துணிய என்ன ரோட்டுலயா தொவைக்கிறா?"

"எனக்கென்னங்க தெரியும்? அவ்வளவு சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள் சுப்பம்மா. சொன்னதோடு நிற்காமல் குடையையும் தண்ணிப் போத்தலையும் கையில் கொடுத்தாள். முப்பத்தைந்து வருசக் குடும்பத்தில் இப்படியொரு ஒத்தாசையை அவர் கண்டதில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முத்துவீரன் றப்பர் தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். கால் தடத்தை வைத்தே றப்பர் பால் திருடர்களைப் பிடித்தவர். வேலை முடிந்து வீட்டோடு வந்த பிறகு, காவல் காக்க மிச்சமிருந்தது மருமகள் ஒருத்திதான். மகன் கிருஷாந்த் கத்தாருக்குப் புறப்படும்போது, "தனுஜா ஒங்க பொறுப்புப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். மனுசன் அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார்.

கிருஷாந்த் விட்டுப்போன திரீவீல், வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் படங்கு போர்த்திக் கிடந்தது. போன மாசம் தனுஜா கேட்டாள்.

"மாமா, நா ஓட்டிப் பழகுறேனே. ஸ்கூல் புள்ளைகள ஏத்தி எறக்கலாம். சும்மா கெடந்து எலிதான் சீட்டத் திங்குது."

"பொம்பள திரீவீல் ஓட்டுனா லயமே சிரிக்கும். என் உசுரு இருக்கிற வரைக்கும் நடக்காது."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவளாகவே வந்து அவர் போனை வாங்கி எதையோ அமத்தினாள். "மாமா, இனி நா எங்க போனாலும் இந்தப் புள்ளி காட்டிக் குடுத்துரும்," என்றாள். தானாக வந்து மாட்டிக்கொண்டாளே என்று அவருக்கு இரவெல்லாம் சந்தோசம்.

கோயில் வளைவில் புள்ளி நின்றது. முத்துவீரன் றப்பர் மரங்களுக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி, மூச்சு வாங்க ரோட்டுக்கு வந்தார். அங்கே பாட்டுப் போட்டபடி நின்றது, ஊரே நானா என்று கூப்பிடுகிற றஊபின் பேக்கரிப் பாண், பணிஸ் விற்கும் வண்டி மட்டும்தான்.

"றஊப் நானா, எங்க மருமகளப் பாத்தீங்களா?"

"இல்லியே அண்ணே."

போனில் புள்ளி இங்கேதான் நிற்கிறது. கோயிலுக்குப் பின்னால் பார்த்தார். பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். அதற்குள் பாண் வண்டி கிளம்பியது. புள்ளியும் கிளம்பியது.

"நானா, நிப்பாட்டுங்க! நானும் வர்றேன்!"

"ஏறுங்கண்ணே, ஏறுங்க," என்று றஊப் சீட்டில் பாதியைக் கொடுத்தார். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கமான மனுசன்.

கீழ் லயத்தில் வண்டி நின்றபோது புள்ளியும் நின்றது. இங்கேதான் எந்த வீட்டிலோ இருக்கிறாள்! முத்துவீரன் ஒரு தட்டிமறைவுக்குள் எட்டிப் பார்த்தார். குளித்துக்கொண்டிருந்த பெண் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர் முகத்தில் ஊற்றினாள்.

அடுத்து புளத்கொகுபிட்டிய ரோட்டில் ஒரு வீடு. வேலிக்கு மேலால் தலையை நீட்டியதும் நாய் பாய்ந்தது. உடுத்திருந்த சாரத்தில் ஒரு முழம் நாயோடு போயிற்று.

"ஆள் தெரியாம இருந்தா நல்லது," என்று சொல்லி றஊபின் தொப்பியையும் ஏப்ரனையும் வாங்கி மாட்டிக்கொண்டார். அது அதைவிட மோசம். அடுத்த சந்தியில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாமே, பாண் தியெனவாத?" பாண் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டாள் ஒருத்தி.

"பெரியவரே, எனக்கு மூணு பணிஸ்!"

பணிஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவர்கள் தோளுக்கு மேலால் மருமகளைத் தேடினார். இல்லை. ஆனால் புள்ளி இங்கேதான்!

"எட்டு எடம் நானா! எட்டு எடத்துல நின்னு நின்னு போறா! எல்லா எடத்துலயும் நமக்குக் கையெட்டுற தூரத்துல இருந்துட்டுத் தப்பிச்சுர்றா!"

"அந்தப் பக்கமும் ஒருக்காப் போய்ப் பாப்பமாண்ணே?" என்று றஊப் வண்டியை இன்னும் தூரத்துக்குத் திருப்பினார்.

முத்துவீரன் மகனுக்கு வொய்ஸ் அனுப்பினார். "தம்பி, ஒன் பொண்டாட்டி எட்டு வீடு ஏறி எறங்கிட்டாடா."

உடனே பதில் வந்தது. "பதறாதீங்கப்பா. வண்டிய விட்டு மட்டும் எறங்காதீங்க. பின்னாலயே போங்க."

பெற்ற பிள்ளைக்குச் சூடு சொரணையே இல்லையே! மகனுடைய குடும்பம் நடுரோட்டில் நிற்கிறது, பதற வேண்டியவனே இப்படிப் பேசுகிறான். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கள்ளனைப் பிடிக்கப் போகிறவன் விசில் அடித்துக்கொண்டா போவான் என்று இதுவரை அவளுக்குப் போன் பண்ணாமல் இருந்தார். இப்போது பண்ணினார். திட்டுவதற்கு அல்ல. 'வீட்டுக்கு வந்துரும்மா, நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று கெஞ்சத்தான்.

மணி அடித்தது.

அடித்தது அவருக்குப் பின்னால், பாண் பெட்டிக்குள். முத்துவீரன் கண்ணாடிக் கதவைத் திறந்து முதலை வடிவக் கிம்புலா பணிஸ் தட்டைத் தூக்கினார். அடியில் தனுஜாவின் போன், 'மாமா' என்று காட்டிக்கொண்டு துடித்தது.

அவர் றஊபின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்க மருமக போனு ஒன் பெட்டிக்குள்ள என்னய்யா பண்ணுது? அவ எங்க?"

றஊப் நிதானமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணித்தியாலம் பொறுங்கண்ணே. கேகாலையில திரீவீல் லைசன் டிரயல் முடிஞ்சு ஒங்க மருமக வர்ற வரைக்கும் ஒங்கள எறக்கி விடவே கூடாதுன்னு ஒங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க, கத்தார்ல இருந்து தம்பியும் ரெண்டு தரம் போன் பண்ணிச் சொன்னாரு."