ஆவன செய்க

மனுக்களால் மூச்சு முட்டிய நாடு ஒன்று இருந்தது. பெயர் கோப்பாபுரி. அதன் அரசர் மகா பொறுமைசாலி. வந்த ஒவ்வொரு மனுவின் மேலும் தம் கையாலேயே 'ஆவன செய்க' என்று எழுதி அனுப்புவார். அவர் கையெழுத்தோ கோழி கிளறியதுபோல இருக்கும். புதிதாக வந்த அமைச்சர் இடும்பனார் அதை 'ஆவி செய்க' என்று படித்துவிட்டார். அரச கட்டளையாயிற்றே! காற்றுப் புகாத பெரிய தொட்டியொன்று கட்டினார். காகிதத்தைத் தின்று செரித்து ஹைட்ரஜன் ஆவியை வெளியிடும் நுண்ணுயிர்களை அதில் விட்டு, மனுக்களைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். ஆவி குழாய் வழியாக அரண்மனை விளக்குகளுக்கும் அடுப்புக்கும், ஊரார் வீட்டு அடுப்புகளுக்கும் போயிற்று.

கீழத்தெரு குருவம்மா கண்கலங்கிப் போனாள். தெருவுக்குக் குடிதண்ணீர் கேட்டு வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தவள் அவள்.

"எம் மனுவையும் ஒரு சீவன் முழுசாச் செரிச்சிருக்கே, அது நல்லாயிருக்கணும்" என்று தொட்டியின் திசை பார்த்துக் கும்பிட்டாள். அடுப்பு நன்றாக எரிந்தது. உலை வைக்கத்தான் தண்ணீர் இல்லை.

அமைச்சரிடமே போய்ச் சொன்னாள்.

"குறை இருப்பது நாட்டுக்கு நல்லது அம்மா. அதையும் எழுதிக் கொடு, அடுப்பு இன்னும் நன்றாக எரியும்" என்றார் இடும்பனார்.

பிறகு சட்டம் வந்தது: குறை தீர்ப்பது எரிபொருள் உற்பத்திக்குக் குந்தகம், ஆகவே எவர் குறையும் தீர்க்கப்படலாகாது. குறையில்லாதவர்களும் மனு எழுத வேண்டும் என்றது அடுத்த சட்டம். அவர்களுக்குக் குறை உண்டாக்கித் தர ஒரு துறையும் ஏற்பட்டது. கீழத்தெருவில் அரைகுறையாய் ஊறிக்கொண்டிருந்த ஒரே கிணற்றையும் மூடியது அந்தத் துறைதான். குருவம்மா குடத்தோடு ஆற்றுக்கு நடந்தாள்.

கோடையில் தொட்டியிலும் தண்ணீர் வற்றியது. நுண்ணுயிர்கள் மனு எதுவும் எழுதவில்லை. வேலையை நிறுத்திவிட்டன, அவ்வளவுதான். அரண்மனை அடுப்பு அணைந்த அன்று மாலைக்குள் ஆற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது, அதுவும் குருவம்மா வாசல் வழியாகவே.

அவள் அந்தக் குழாயையும் தொட்டியின் திசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அட என் சாமிகளா, இத்தன நாளா எனக்கு இது தோணலியே!" என்று மறுபடி கும்பிட்டாள். மறுநாளிலிருந்து அவள் எழுதவில்லை. அவளைப் பார்த்துத் தெரு எழுதவில்லை. பிறகு ஊரே எழுதவில்லை.

தொட்டி பட்டினி கிடந்தது, அரண்மனை இருண்டது. எழுதாதவர்களைப் பிடிக்க ஆணை எழுதலாமென்றால் அதற்கும் வெளிச்சமில்லை. கடைசியில் ஒரு காலையில் அரசரே குருவம்மா வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு காகிதத்தோடு.

"அம்மா, தாங்கள் தயவுகூர்ந்து ஒரு மனு எழுதித் தரும்படி இம்மனு மூலம் பணிவுடன்..."

குருவம்மா அதை இரு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். காலடியில் ஓடிய குழாயைக் காட்டினாள்.

"மொதல்ல இதுல எங்களுக்கு ஒரு பைப்பு வரட்டும், ராசா." காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். "அப்புறம் ஆவன செய்றோம்."