விதியை மீறாத சலவைக்காரி

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்கூடச் சாப்பிட வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார் ஹெர்ஷல் பென்னர்.

நடீன் கொதிக்கிற அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மரத்துடுப்பால் ஒரு கம்பளிச் சட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

"ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு ஒரு பட்டாளத்துச் சட்டை பூராவும் ஊறிக் கிடக்குமே! நான் விருந்துக்கு வந்துட்டா அதையெல்லாம் யாரு துவைப்பா வழிப்போக்கரே? ஜனாதிபதி வந்து துவைப்பாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெர்ஷலும் சிரித்துவைத்தார். அப்புறம் சலவைக்கொட்டகைக்குப் பின்னால் போய், ஒரு தண்ணீர்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து யோசித்தார்.

இப்போது மாட்டேன் என்றது யார்? நதிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீட்டில் தனியாக வாழ்வதாக ஊரார் சொல்லும் நடீனா, அல்லது 1868-ஆம் வருஷத்துச் சலவைக்காரியா? சலவைக்காரி என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. நடீன் என்றால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

டில்டன் கோட்டையை விட்டுப் பட்டாளம் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கோதுமைக் காட்டுக்கு நடுவே இடிந்து கிடந்ததைச் செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு அங்கே கொல்லராகவும் காவலாளியாகவும் வேலை செய்து காட்டுவார்கள். மே மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டில் கடிகாரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாததைப் பொறுக்க முடியாமல் ஹெர்ஷல் இங்கே வந்தார். மனைவி லோயிஸ் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு நடீன் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார் ஹெர்ஷல்.

நடீனின் முகம் சிவந்தது. ஆவி அடித்திருக்கும் என்று ஹெர்ஷல் நினைத்துக்கொண்டார்.

"சோப்புநுரைத் தெரு. பட்டாளத்துச் சலவைக்காரிங்க எல்லாம் அங்கதான்."

"அது இல்லீங்க. நிஜமா எங்க வீடு?"

"இங்க நாங்க அறுபத்தெட்டாம் வருஷத்தை விட்டு வெளிய வரக் கூடாதுங்க. இங்க அதான் விதி."

ஹெர்ஷல் கூட்டுறவுக் களஞ்சியத்தில் கோதுமை எடை போட்டே ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு விதிதான். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. மற்றவர்கள் செய்கிற அழிச்சாட்டியத்தைப் பார்த்தால்தான் அவருக்கு வயிறு எரியும். கொல்லர் குதிரை லாடத்தை அடித்துக்கொண்டே கால்பந்தாட்டம் பேசுவார். கேப்டன் உடுப்பில் வருகிற பல் மருத்துவர் வென்டல், வாள் உறையைத் தட்டிக்கொண்டே, "அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டாமலே ஓட்டிக்கிட்டு இருக்கீரே ஓய்" என்பார். இத்தனை பேரில் விதியைக் காப்பாற்றுகிறவர் நடீன் ஒருவர்தான். ஹெர்ஷலுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில்கூட ஒருமுறை வழிமறித்துப் பார்த்தார். நடீன் தலைத்துணியைக் கழற்றாமலே காரில் ஏறினார். "உடுப்பு மேல இருக்கிறவரைக்கும் விதி உண்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்றைக்குத்தான் இந்த வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை. கோட்டையை மூடினால் அடுத்த மே மாதம்தான் திறப்பார்கள். நடீன் குளிர்காலத்துக்குத் தெற்கே அரிஸோனாவில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்றும், அங்கேயே தங்கிவிட்டாலும் ஆச்சரியமில்லை என்றும் கொல்லர் சொன்னார். கொல்லர் விதியை மீறிச் சொன்ன செய்திதான். ஆனாலும் ஹெர்ஷல் இரண்டு காதையும் கொடுத்துக் கேட்டார்.

பீப்பாய் மேல் உட்கார்ந்த இடத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வழிப்போக்கன் கேட்டால் சலவைக்காரி எப்படி வருவாள்? சிப்பாய் கேட்டால் வரலாம் அல்லவா?

வென்டலிடம் போய் உதிரி உடுப்பு ஒன்று கேட்டார்.

"கடைசி நாள்ல பட்டாளத்துல சேர்றீரா? போர் முடிஞ்சுபோச்சே ஓய்!" என்றார் வென்டல். இருந்த ஒரே உடுப்பு யாரோ ஒல்லிப்பிச்சானுக்குத் தைத்தது. ஹெர்ஷல் மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தானை மாட்டினார். மூச்சை விட்டதும் ஒரு பொத்தான் தெறித்துப் போய் வென்டலின் காபியில் விழுந்தது.

மீதிப் பொத்தான்களை நம்பி, நிமிர்ந்து நடந்து, மறுபடி அண்டாவுக்கு முன்னால் போய் நின்றார்.

நடீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"புதுச் சிப்பாயா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை..."

"கேப்டன் உத்தரவு இல்லாம சிப்பாய்ங்க சலவைக்காரிகிட்டப் பேசக் கூடாது. யாரும் சொல்லலையா சிப்பாயி?"

அதுவும் விதி! ஹெர்ஷல் விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பினார். முதுகுப் பக்கத்துத் தையல் பிரிந்தது அவருக்குத் தெரியாது. நடீனுக்குத் தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அதற்கு அப்புறம்தான். மைதானத்தில் ஒரு பேருந்து நிறைய வந்திறங்கிய தேவாலயப் பெண்மணிகளுக்கு வென்டல் கோட்டையின் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஹெர்ஷல் நேராகப் போய் நின்று, குரலை உயர்த்தினார்.

"கேப்டன்! சலவைக்காரம்மாகிட்டப் பேச உத்தரவு வேணும்!"

வென்டலின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக அவர் பல்லைத்தான் பிடுங்கியிருக்கிறார், கைதட்டல் வாங்கியதில்லை. இப்படியொரு வாய்ப்பை விடுவாரா?

"என்னது! காவல் நேரத்துல காதலா? பிடிச்சு அடைங்கடா இந்தப் பயலை!"

பெண்மணிகள் கைதட்டினார்கள். காவலாளிகள் இரண்டு பேர் ஹெர்ஷலைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய்ச் சிறைக் கொட்டடிக்குள் தள்ளினார்கள். கனத்த இரும்புத் தாழ் "டணார்" என்று விழுந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். வென்டல் ஒரு பெரிய வணக்கம் போட்டுவிட்டுத் தாழை இழுத்தார். தாழ் அசையவில்லை. ஒரு காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். அப்போதும் அசையவில்லை.

"ஓய் ஹெர்ஷல்," என்று கம்பி வழியாகக் கிசுகிசுத்தார். "நிஜமாவே மாட்டிக்கிச்சு. பயப்படாதேயும்."

"தப்பு பண்ணேன், தண்டனை அனுபவிக்கிறேன் கேப்டன்."

"யோவ், நாடகத்தை நிறுத்துமய்யா! தாழ் வரலைன்னு சொல்றேன்!"

"விதி விதிதான் கேப்டன்."

வென்டல் தலையில் அடித்துக்கொண்டார். தேவாலயப் பெண்மணிகள் மட்டும் இதைவிட அருமையான நாடகம் பார்த்ததில்லை என்று சொல்லி, கம்பி வழியாக ஹெர்ஷலுக்குப் பிஸ்கோத்தும் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் கொடுத்தார்கள். கொல்லர் சுத்தியலோடு வந்தார். "புராதனப் பொருளை அடிக்காதீங்க" என்று யாரோ தடுத்தார்கள். கடைசியில் கொல்லரே, "சோப்புத் தடவினா இளகும். நடீனைக் கூப்பிடுங்க" என்றார்.

நடீன் ஒரு கட்டிச் சோப்போடு வந்தார். கூட்டம் அதற்குள் பீரங்கி வெடிப்பதைப் பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தது. வென்டலும் வாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார், பீரங்கிக்கு உத்தரவு கொடுக்க வேண்டியவர் அவர்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

நடீன் தாழில் சோப்பைத் தேய்த்தார். ஹெர்ஷல் தாடியில் ஒட்டியிருந்த ஆப்பிள் கேக்கைத் துடைத்துக்கொண்டார். விதியையும் மீறக் கூடாது, மனதில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது?

"அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு சிப்பாய் இருந்தான்னு வைங்க," என்றார்.

"வெச்சுக்கிட்டேன்."

"பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன். நல்ல மனுஷி. அவ போனதுக்கப்புறம் அவன் தெனமும் ஒரு தட்டுதான் கழுவுறான். ஒரே ஒரு தட்டைக் கழுவுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

சோப்புத் தேய்த்த கை நின்றது.

"தெரியும்," என்றார் நடீன். சோப்பை மறுபடி தாழில் வைத்து, "சலவைக்காரி வீட்லயும் ஒரு தட்டுதான்," என்றார்.

"அந்தச் சிப்பாய்க்குச் சனிக்கிழமை மட்டும்தான் உயிர் வரும். மத்த ஆறு நாளும் சனிக்கிழமைக்காகக் காத்துக்கிட்டிருப்பான்."

நடீன் தலைத்துணியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொண்டார். "சலவைக்காரி தெற்கே போற வண்டியில எடம் பிடிச்சுட்டாளே சிப்பாயி. செவ்வாய்க்கிழமை கிளம்புது."

"போகாம இருக்க மாட்டாளா?"

"இருன்னு யாராவது சொன்னாத்தானே இருப்பா?"

ஹெர்ஷல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன நடிப்பு! கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டதே இந்த அம்மாளுக்கு! நிஜ நடீன் இப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "அம்மா, சிப்பாயை விடுங்க, நான் ஹெர்ஷல் கேக்கிறேன்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பீரங்கி வெடித்தது. கொடி இறக்கும் எக்காளம் ஒலித்தது. நடீன் துள்ளி எழுந்தார்.

"கொடி இறங்குது! நான் போகணும்!" என்று பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சோப்பு கம்பியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஹெர்ஷல் சோர்ந்துபோய்க் கதவில் சாய்ந்தார். சோப்பில் தாழ் வழுக்கி, கதவு தானாகத் திறந்து, அவர் வெளியே போய் விழுந்தார்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தபோது மைதானம் காலியாகியிருந்தது. பேருந்து போய்விட்டது. சலவைக்கொட்டகையில் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஹெர்ஷல் தன் சட்டையை மாட்டிக்கொண்டு, கிழிந்த உடுப்பை மடித்து எடுத்துக்கொண்டு நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குப் போனார். அங்கே மார்ஜ் கணக்கை முடித்துவிட்டு, பின்னல் வேலையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். கோட்டை திறந்த நாளிலிருந்து இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்.

"முதுகுல கிழிஞ்சுபோச்சு மார்ஜ். தைச்சுக் கொடுத்துடறேன்."

"விடுங்க. அந்த உடுப்பு யார் போட்டாலும் கிழியும்."

ஹெர்ஷல் போகவில்லை. ஜன்னல் வழியாக வண்டிகள் நிற்கும் இடம் தெரிந்தது. ஒரே ஒரு கார் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் நடீன், தலைத்துணியோடு, கைப்பையைக் குடைந்து சாவி தேடிக்கொண்டிருந்தார். சாவி கார்க் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மார்ஜ், உங்களால ஒரு உதவி ஆகணும். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த அறுபத்தெட்டாம் வருஷ விதி இருக்கு பாருங்க, அதை அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் தளர்த்தச் சொல்லி நிர்வாகத்துல கேக்க முடியுமா? நான் அவங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் நிஜமாக் கேக்கணும்."

"எந்த விதி?"

"உடுப்புல இருக்கிறவங்க அந்த வருஷத்தை விட்டு வெளிய வந்து பேசக் கூடாதுங்கிற விதி."

மார்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே நடீனைப் பார்த்தார், அப்புறம் ஹெர்ஷலைப் பார்த்தார்.

"அப்படி ஒரு விதியே இங்க கிடையாதே ஹெர்ஷல்! எங்க எல்லார்கிட்டயும் வாய் ஓயாமப் பேசுறவதான் நடீன். உங்க தலையைக் கண்டா மட்டும்தான் அறுபத்தெட்டாம் வருஷத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கிறா."