ஒண்ணாம் நம்பர் கடைக்குச் சிவப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் கேட்கப் பயமாக இருக்கிறது. ரொம்ப நலம் என்று நீ பதில் எழுதினால், அது உன் கணக்கில் பச்சையா சிவப்பா என்று எனக்கு விளங்காது. ஆகவே எப்படி இருக்கிறாயோ அப்படியே இரு.

ஒரே கம்பெனியில் நீ தலைமை அலுவலகத்திலும் நான் கிளைக் கடையிலும் இருந்துகொண்டு, கையில் போனும் இருக்கும்போது, அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நேற்று நான் போனில் வாயைத் திறந்ததுமே, மீட்டிங்கில் இருக்கிறேன், எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடுத்துவிடு என்று சொன்னது நீதான். கூடப் பிறந்தவள் உன்னிடம் பேசுவதற்கு மனு போட வேண்டும் என்கிற நிலைமைக்கு வந்தாயிற்று, ரொம்ப சந்தோஷம். எழுத்து கேட்டாய், இதோ எழுத்து. கடையைக் கண் பரிசோதிக்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னறையில் பிரேம் அடுக்கி வைத்திருக்கிற அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுவதும் படி. பாதியில் மீட்டிங்குக்கு எழுந்து போய்விடாதே.

விஷயம் இதுதான். முந்தாநாள் முதலாளி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. நான் ஒரு கண்ணாடியின் காதுக் கம்பிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தேன், அந்த மேஜை மேலேயே நீ அச்சடித்துக் கொடுத்த கலர் படத்தை விரித்தார், திருகாணி எங்கே போனதென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தில், வண்டியில் பெட்ரோல் காட்டுமே, அந்த மாதிரி ஓர் அரை வட்டம், அதில் ஓர் ஊசி. ஊசி இடது கோடியில் சிவப்புக்குள் குப்புற விழுந்து கிடக்கிறது. அதுதான் எங்கள் கடையாம். பக்கத்தில் இன்னோர் அரை வட்டம், அதில் ஊசி பச்சையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற கிளையாம். "ஜனங்க உங்க மேல இவ்வளவு வெறுப்பா இருக்காங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்று முதலாளி சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். புது மாதம் பிறந்ததும் ஊசி பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓடுமாம், வரும் திங்கட்கிழமை அது எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்து முடிவாம். சிவப்பிலேயே நின்றால் இந்தக் கடைக்குப் பூட்டு. நானும் பரிசோதிக்கிறவரும் அந்தக் கிளைக்குப் போய், அங்கே நிர்வாகம் பார்க்கிற பச்சை மேடத்துக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். பச்சை மேடம் என்பது உன் படத்தைப் பார்த்த பிறகு நாங்கள் வைத்த பெயர்.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். முதலில் நீ அனுப்பி வைத்த டேப்லெட்டில் ஐந்து மூஞ்சிகள் இருந்தன. ஒன்று அழும், ஒன்று சிரிக்கும், நடுவில் இருப்பது வாயையே திறக்காது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதுதான் இந்த வியாபாரத்தின் ஆதாரமே, அதை உன் அலுவலகத்தில் யாரும் உனக்குச் சொல்லவில்லையா? பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிற மனுஷனுக்கு முன்னால் மூஞ்சியைக் காட்டினால், அவர் அதையும் கண் பரிசோதனை என்றுதான் நினைப்பார். நாலாவது ஆள் மங்கலாக இருக்கிறார், மூன்றாவது ஆள் பரவாயில்லை என்று ஒரு பெரியவர் மூன்றாவதைத் தொட்டுக் காட்டினார், நீ எங்களைச் சுமார் என்று படம் வரைந்தாய். நான் சொன்ன பிறகு மூஞ்சிகளை எடுத்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டாய். அதற்கு மேலே ஒரு கேள்வியும் எழுதினாய் பார், அதற்கு உனக்கு ஒரு மாலையே போடலாம். "எங்கள் சேவைக்கு நீங்கள் தரும் இடம் எது?" இதுதான் கேள்வி. எழுதினவனுக்குக் கை கூசவில்லையா தம்பி?

இடம் எது என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? பிடித்திருந்தால் முதல் இடம் என்பான். பிடிக்காவிட்டால் கடைசி இடம் என்பான். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அம்மா, ஊசியில் நூல் கோக்க முடியாமல் எத்தனையோ காலமாகத் தவித்தவர், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கே நின்றபடியே நூல் கோத்துப் பார்த்தார். முதல் தடவையே கோத்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கடைதான்மா ஒண்ணாம் நம்பர்" என்று சொல்லி, ஒன்றை ஒருதரம் அழுத்தி, பதிந்ததோ இல்லையோ என்று இன்னொரு தரமும் அழுத்திவிட்டுப் போனார். அந்த அம்மாளின் மனசை நீ சராசரியில் போட்டு அரைத்துச் சிவப்புச் சாயமாக எடுத்திருக்கிறாய்.

அது எனக்கு அப்போது தெரியாது. எப்போது தெரிந்தது கேள். போன வாரம் ஒருவருக்கு, அவசரத்தில், இடது கண்ணுக்கான லென்ஸை வலதிலும் வலது கண்ணுக்கானதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டோம். தப்பு எங்களுடையதுதான். அவர் அதைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக வெளியே கிளம்பி, நேராகப் போய்க் கதவில் முட்டினார். நெற்றி வீங்கிவிட்டது. திரும்பி வந்து, கடைசி இடம்கூட உங்களுக்கு ஜாஸ்தி, ஆறு என்று ஒன்று இருந்தால் அதைத்தான் அமுக்குவேன் என்று கத்தி, ஐந்தின் மேல் குத்து குத்தென்று குத்தினார். டேப்லெட் நிற்கிற கம்பியே வளைந்துவிட்டது. அன்றைக்கு வந்தவர்களில் மற்றவர்கள் யாரும் எதையும் அழுத்தவில்லை. சாயங்காலம் உன்னிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வருகிறது: "அக்கா, இன்னைக்கு உங்க கடை செம சூப்பர். என்ன பண்ணீங்களோ அதையே தினமும் பண்ணுங்க." கூடவே ஒரு கட்டை விரல் படம் வேறு. தினமும் ஓர் ஆளைக் கதவில் முட்ட வைக்கச் சொல்கிறாயா?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உன் பெட்டியில் ஐந்துதான் உசத்தி, ஒன்றுதான் மட்டம். அதைச் சொல்லத்தான் உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? உலகம் முழுக்க ஐந்துதான் உசத்தி என்றாய். உலகம் முழுக்க நம் கடைக்கு வருவதில்லை, இந்த நாலு தெரு ஜனங்கள்தான் வருகிறார்கள் என்றேன். "அக்கா, நீயும் நானும் பேசக் கூடாது, டேட்டாதான் பேசணும்" என்று போனை வைத்துவிட்டாய். பேசட்டும். அது எந்த பாஷையில் பேசுகிறது என்றாவது கேட்டாயா? நான் முதலாளியிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ரேங்க் குறைந்த பிள்ளைகள் எல்லாம் வாத்தியார் மேல்தான் பழி போடும் என்றார்.

ரேங்க் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாம் வகுப்பில் நீ முதல் ரேங்க் வாங்கினாய், தப்பித் தவறி. அம்மா அந்த அட்டையைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். பாலூற்ற வந்தவரைக்கூட விடவில்லை. அன்றைக்கு ஒன்று என்றால் உசத்தி என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அம்மா தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாய். எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டாவது ரேங்க் வாங்கியபோது அட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாய். ஏன் ஒளித்தாய்? டாஷ்போர்டு என்கிறாயே, உன்னுடைய அந்த ஊசிப் படத்தில் போட்டிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நீதான் பச்சை, உன் ஊசி வட்டத்தைத் தாண்டிச் சுவரில் போய்க் குத்தியிருக்கும். நீ ஒண்ணாம் நம்பர் மடையன் என்று இங்கே எழுத வேண்டும் போல இருக்கிறது. எழுதினால் என்ன, உன் கணக்கில் அது ரொம்பக் கம்மியான மடத்தனம்தானே, கோபித்துக்கொள்ள மாட்டாய்.

அந்தப் படத்தின் அடியில் இன்னொன்றும் போட்டிருக்கிறாய். ஜனங்கள் எழுதிய கருத்துகளில் எந்தச் சொல் அதிகம் வருகிறதோ அதைப் பெரிய எழுத்தில் காட்டுமாம். அதில் ஆகப் பெரிதாக, பானை வயிற்றோடு, நடுவில் உட்கார்ந்திருக்கிற சொல் "கண்ணாடி". கண்ணாடிக் கடையில் ஜனங்கள் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்ததற்கு உன் குழுவுக்குக் கேக் வெட்டினார்களாமே, உன் மனைவி சொன்னாள். நன்றாக இருங்கள். அந்தப் பச்சை மேடத்தின் கிளை லட்சணத்தையும் கேள். அங்கே ஒருவருடைய கண்ணாடியை அவர் மனைவிக்கும் மனைவியுடையதை அவருக்கும் கொடுத்து அனுப்பினார்கள், வீட்டில் ஒரு வாரம் சண்டை. மாற்றிக் கேட்டு வந்தால், போட்டுப் பழகுங்கள், சரியாகிவிடும் என்றார்களாம். அங்கே போகிறவர்கள் எல்லாம் வயிற்றெரிச்சலோடு ஐந்து ஐந்தாகக் குத்திவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்து ஒன்றை அழுத்துகிறார்கள். அந்தக் கிளைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்ளும்படி எங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது. என்ன பயிற்சி, எரிந்து விழுவதற்கா?

இப்போது கோபமில்லாமல் ஒன்று சொல்கிறேன். கடை மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்காது என்பதில்லை. நீ வாரத்துக்கு ஒருமுறை இந்தத் தெரு வழியாகத்தான் போகிறாய். ஒரு நாள் வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து, என்ன அக்கா, ஜனங்கள் உன்னைத் திட்டுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், அக்கா கடை சிவப்பு என்று நீயே அச்சடித்து முதலாளி கையில் கொடுத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உன் அத்தானிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரிப்பார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திங்கட்கிழமைக்குள் அந்தப் பெட்டியைத் திருப்பு. ஒன்றை உசத்தியாக்கு, ஐந்தை மட்டமாக்கு. உன் மென்பொருளில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும், இல்லாவிட்டால் படத்தையாவது கண்ணாடியில் காட்டி முதலாளியைப் பார்க்கச் சொல், இடது வலதாகிவிடும். ஐந்தை அழுத்துங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போயிற்று என்று உனக்குத் தோன்றலாம். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று, இதை அழுத்து, அதை அழுத்து என்று விரலைப் பிடித்து வைக்கிற ஈனத்தனம் இந்தக் கடையில் ஒரு நாளும் நடக்காது. அவர்கள் மனதில் பட்டதை அழுத்தட்டும். அது அப்படியே போய்ச் சேர வேண்டும். திருப்ப வேண்டியது நீதான், தப்பு உன்னுடையது. திருப்பாவிட்டால் அக்கா என்று என் வாசல்படி மிதிக்காதே.

இருவரும் மனமொத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, எதிலும் முதலிடத்தில் நில்லுங்கள். என் கணக்கில் முதலிடம், உன் கணக்கில் அல்ல. உன் மனைவியிடம் அவளுடைய கண்ணாடி தயாராக இருக்கிறது என்று சொல்.

இப்படிக்கு,
உன்மேல் ஆசையும் ஆத்திரமும் உள்ள
அக்கா

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசை தேடி இப்போதுதான் முன்னால் வந்தேன். வந்து பார்த்தால், நான் பின்னறையில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நம் பரிசோதிக்கிறவர் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். பிடித்திருந்தால் ஐந்தை அழுத்தவும் என்று, கண் தெரியாதவருக்கும் தெரிகிற அளவு எழுத்தில் எழுதி, டேப்லெட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். இன்றைக்கு ஒன்றாம் தேதி, பழையதெல்லாம் துடைத்தாயிற்று. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஐந்து. ஊசி எழுந்து பச்சைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முதலாளியே போன் பண்ணி, இப்படியே நின்றால் கடையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் யார் விரலையும் பிடிக்கவில்லை தம்பி, காகிதம்தான் சொல்கிறது. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ரேங்க் சமாசாரம் மட்டும் இருக்கட்டும். நீ பாட்டுக்கு இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ரோஷப்பட்டுத் திருப்பித் தொலைத்தாயானால் இன்றைய ஐந்தெல்லாம் சிவப்பாகிவிடும், எங்கள் கதை முடிந்தது. ஒரே ஒரு குறை. கதவில் முட்டினாரே, அவர் நான் முன்னால் வந்து நின்றபோது லென்ஸை மாற்றிக்கொண்டு போக வந்தார். போட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார். "அன்னைக்குக் கோவத்துல கடைசி இடம் குடுத்துட்டேம்மா, இன்னைக்கு மனசார முதல் இடம்" என்று, ஒட்டியிருந்த காகிதத்தை ஏறிட்டும் பார்க்காமல், ஒன்றை அழுத்திவிட்டுப் போய்விட்டார். ஊசி அதனால் கொஞ்சம் ஆடுகிறது. நீ அந்த ஒண்ணை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடு. மற்றபடி ஒண்ணையும் தொடாதே.