சோழர் விழாவில் அசீரியா

ஹோம்புஷில் எங்கள் ஃப்ளாட்டில் குடியிருந்த அசீரியாவைப் போல, செத்து மண்ணாகிப்போன ராஜாக்கள் மேல் இத்தனை ஆத்திரத்தோடு தினமும் கண்விழித்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வவுனியாவில் சரித்திரம் படிப்பித்தவர். படகில் வந்து, தற்காலிக விசாவில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். மகளை விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது பத்தாம் வகுப்பு. நிரந்தர விசா கிடைத்தால்தான் அவர்களை இங்கே கூப்பிட முடியும்.

அதிகாரம் உள்ள எவரைக் கண்டாலும் ஏதாவது ஒரு பழைய சாம்ராஜ்யத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். சூப்பர்வைசர் அவரைக் கோழி வெட்டும் இடத்திலிருந்து பெட்டி அடுக்கும் இடத்துக்கு மாற்றிய அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

“அசல் அசீரியன் ஐசே! அவனும் இப்பிடித்தான். பிடிச்ச ஊர்ச் சனத்தைக் கிளப்பி வேற வேற இடத்தில கொண்டுபோய் இருத்துவான். ஒண்டு சேந்திடக் கூடாதெண்டு.”

இதை வாரத்துக்கு மூன்று தரம் கேட்டு நொந்துபோன நான்தான் ‘அசீரியா’ என்ற பெயரை அவருக்கே வைத்தேன். விசா அலுவலகம் மட்டும் அவருக்கு ரோமாபுரி.

“ரோமன் பரவாயில்லை. நூற்றாண்டுக் கணக்கா இழுத்தடிச்சாலும் கடைசியில எல்லாருக்கும் குடியுரிமை குடுத்தவன். அடிமையளைத் தவிர.”

“அப்போ யாருதான் மாஸ்டர் நல்லவன்?”

“பாரசீகன். பாபிலோனில அடைபட்டுக் கிடந்த சனத்தைச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினவன்.”

“உங்களையும் அப்படி அனுப்பிட்டா?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் எழுந்து குசினிக்குப் போய், கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார். “எனக்கு ரோமனே காணும், பாரசீகன் வேண்டாம்” என்றார் அங்கிருந்தே.

விசா நேர்காணலுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர் அங்கிள் தருவதாக ஒப்புக்கொண்டார். பதிலுக்கு, வென்ட்வேர்த்வில் பக்கத்தில் நடக்கும் சோழர் விழாவில் மாஸ்டர் பத்து நிமிடம் சோழர் பெருமை பேச வேண்டும். அவ்வளவுதான். கிளிப்பிள்ளைகூடச் செய்யக்கூடிய வேலை.

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயை அடக்குங்க மாஸ்டர்” என்று ரயிலில் கெஞ்சினேன். “ஓம், ஓம்” என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அட்டைக் கிரீடம் வைத்த ராஜாக்கள் ஏழெட்டுப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடாரம் வென்ற கதையை மாஸ்டர் அழகாகத் தொடங்கினார், விசில் பறந்தது. பிறகு திடீரென்று நிறுத்தினார்.

“கடாரத்தில இருந்து கொண்டுவந்த யானையையும் வாசல் தோரணத்தையும் கல்லில வெட்டி வைச்சிருக்கிறம். அந்த வாசலுக்குப் பின்னால நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது? ஒரு வரி இல்லை. அதுகளும் எங்களை மாதிரிப் படகில ஏறிச்சுதுகளோ என்னவோ.”

மைக் மட்டும் இரைந்தது. அட்டைக் கிரீடங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மேடையிலிருந்து அவர் என்னைத் தேடினார். வாயில் வடையோடு நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரே ஒரு முறை கைதட்டியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

“கடிதத்தைப் பிறகு பாப்பம் மாஸ்டர்” என்றார் தலைவர் அங்கிள், வாசலில் வைத்தே.

ரயிலில் எனக்குத்தான் ஆத்திரம். “உங்க மகளை நினைச்சீங்களா?”

“நினைச்சுத்தான் ஐசே கதைச்சனான்” என்றார்.

நேர்காணலுக்குக் கடிதமில்லாமலே போனார். விசா மறுக்கப்பட்டது. கடிதம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. மேல்முறையீடு போட்டுவிட்டு, மெல்போர்ன் பக்கம் இன்னொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். ஃப்ளாட்டில் இப்போது யாரும் யாரையும் திட்டுவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வாரம் அவருடைய வக்கீல் அழைத்தார். மேல்முறையீட்டுக்கு ஒரு நற்சான்று வேண்டுமாம். மாஸ்டர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். படிவத்தில், ‘இவர் உங்களுக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். யோசிக்காமல் ‘அண்ணன்’ என்று எழுதினேன். பொய் சொன்னால் அவர் வழக்கல்லவா கெடும் என்று உறைத்ததும், அதை அடித்துவிட்டு ‘நண்பர்’ என்று எழுதினேன். அடித்தது நன்றாகவே தெரிகிறது. வேறு தாள் எடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.