இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பெண் குரல்

முதல் ஆல்பம் ஓரளவு ஓடிவிட்டால் இசைக்கலைஞனுக்கு ஒரு வியாதி வரும். அடுத்ததில் ஆழம் இருக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு அது முற்றிய நிலையில் வந்தது.

எங்கள் ராக் குழுவில் இரண்டே பேர். நான் பாடி, கிட்டார் வாசிப்பேன். பள்ளித் தோழன் நசீர் டிரம்ஸ். முதல் ஆல்பத்தில் எம்ஆர்டி ரயிலில் குடையைத் தொலைத்ததையும், தேக்கா சந்தையில் பிரியாணி வரிசையில் நின்று காதலியைக் காக்கவைத்ததையும் பாடியிருந்தோம். ஜனங்கள் சிரித்து ரசித்தார்கள். எனக்கோ அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. இரண்டாவது ஆல்பம் நகரத்து மனிதனின் தனிமையைப் பற்றியது என்று அறிவித்தேன். (சிராங்கூனில் அம்மா, அப்பா, தங்கையோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தவன் நான். குளியலறையில்கூடத் தனியாக இருக்க விடமாட்டார்கள்.)

இணையதளம் ஒன்றில் எழுதும் கறாரான விமர்சகர் ஒருவருக்குப் பாடல்களை முன்கூட்டியே அனுப்பினேன். அதில் நான்காவது பாடல் மட்டும் மாறிப்போனது. ஸ்டுடியோவில் பதிவு செய்ததற்குப் பதில், என் அறையில் ஒத்திகையின்போது கைப்பேசியில் எடுத்தது போய்விட்டது.

விமர்சனம் வந்ததும் நசீர் போனில் வாசித்துக் காட்டினான்.

"'பாசாங்கான ஆல்பம்'னு போட்டிருக்காரு. 'பாடகர் தான் சோகமாக இருப்பதாக நமக்குத் தகவல் மட்டும் தருகிறார்.'"

"நல்லதா ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு லா. 'நான்காம் பாடலில் குறுக்கிடும் பெண் குரல் அபாரம். தனிமனிதனை அடக்கும் சமூகத்தின் குரல் அது. ஆல்பத்தில் உயிருள்ள ஒரே இடம்.' டேய், யாருடா அந்தப் பொண்ணு?"

அவருக்கு அனுப்பிய கோப்பைத் திறந்து கேட்டேன். என் தனிமைக்கு நடுவே கதவு திறந்து, அம்மா தெளிவாகச் சொன்னார்: "சத்தத்தக் கொறைங்கப்பா, கீழ் வீட்டு ஆன்ட்டி மறுபடியும் வந்துட்டாங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான் நசீர். நான் கேட்கவில்லை. (கிடைத்ததே ஒரு பாராட்டு. அதையும் திருப்பிக் கொடுப்பதா?) ஆல்பத்திலும் அந்தப் பதிவையே சேர்த்துவிட்டேன்.

வெளியீட்டு விழா சிராங்கூன் ரோட்டில், ஒரு கடைக்கு மேல்மாடியில். முன்வரிசையில் என் குடும்பம், பின்னால் விமர்சகர். நாங்கள் வாசித்து முடித்ததும் அவர் எழுந்தார்.

"அந்தப் பெண் குரல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நிறைய நாடக நடிகைகள வச்சுப் பார்த்தோம்," என்றேன். "அந்த வெறுமை யாருக்கும் வரல. கடைசியில ஒருத்தங்க கிடைச்சாங்க. வெளியில வர விரும்பாத கலைஞர்."

"அத மட்டும் ஒருமுறை போடுங்களேன்."

நசீர் என்னைப் பார்த்தான். பிறகு போட்டான். ஒலிபெருக்கி நிறைய அம்மா.

"ஏங்க, இது என் குரல் இல்ல?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டது அந்தக் கூடத்துக்கே கேட்டது. பிறகு விமர்சகர் பக்கம் திரும்பி எழுந்து நின்றார். "தம்பி, அது நான்தான். நடிகையெல்லாம் இல்ல. ஆன்ட்டி வாசல்ல நின்னாங்க, அதான் சொன்னேன்."

கூடம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. நசீர் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்து, தொலையாத எதையோ தேடிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த வசதியும் இல்லை. கையில் கிட்டாரோடு நடுமேடையில் நின்றேன். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனிமை என்றால் என்னவென்று புரிந்தது.

விமர்சகர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆல்பம் பத்தி நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அம்மா யோசித்தார். "மொத ஆல்பத்துல குடை பாட்டுக்கு நான் சிரிச்சேன். இதுல எதுக்கு இவ்வளவு சோகம்னு தெரியல. வீட்டுல நல்லாத்தான் சாப்பிடுறான்."

அதை விமர்சகர் அப்படியே பிரசுரித்தார். எங்கள் ஆல்பத்தைக் கேட்டவர்களைவிட அதைப் படித்தவர்கள் அதிகம்.

இப்போதும் தீபாவளிக்கு உறவினர்கள் கூடினால், புதிதாக வந்தவர்களுக்கு மாமாதான் அம்மாவையும் என்னையும் அறிமுகப்படுத்துவார். "இவங்க என் தங்கச்சி. ஆல்பத்துல பாடியிருக்காங்க, பேப்பர்காரங்கல்லாம் பாராட்டுனாங்க." பிறகு என் தோளில் கை போட்டு, "இவன் அவங்க பையன். கூட கிட்டார் வாசிக்கிறான்," என்பார்.

அம்மா மறுப்பதில்லை.