சத்தமில்லாத சரக்கு

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் தொடங்கிவிட்டதாக நாலு பேர் நம்ப வேண்டுமென்றால் எதையாவது கொளுத்தியாக வேண்டும். கடைத் திறப்பு, காதுகுத்து, கட்சிக்காரர் வருகை எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். நானோ சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் விற்பனை மேனேஜர். நாய் தத்தெடுப்பு முகாமை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கவே கூடாது.

விருதுநகர்ப் பக்கம் நாய்க் காப்பகம் நடத்தும் டாக்டர் ஷமீமா எங்கள் முதலாளியிடம் உதவி கேட்டு வந்தார். பந்தல் எங்கள் கம்பெனி, நோட்டீஸ் பக்கத்து அச்சகம், சாப்பாடு கடைவீதி வியாபாரிகள் என்று முடிவானது. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சார், வெடி மட்டும் கூடவே கூடாது. மிரண்டு ஓடுச்சுன்னா பைபாஸ்ல லாரிதான்."

அன்றோடு என் தூக்கம் போனது. மேளத்தை வேண்டாமென்றேன். முகாமன்று காலையில் முதலாளியின் கார் டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தேன். (அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் போனஸ் அங்கேயே கருகிவிட்டது.) சரவெடி எதுவும் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ரிப்பன் வெட்டும்போது எதுவுமே இல்லாமல் மொட்டையாக இருக்குமே என்று புதுக் கவலை பிடித்துக்கொண்டது. என் தொழிலறிவு கைகொடுத்தது. புஸ்வாணத்துக்கு ஏது சத்தம்? எங்கள் கம்பெனிச் சரக்கிலேயே பெரியதாக இரண்டை எடுத்து வாசலின் இருபுறமும் நானே வைத்தேன்.

எங்கள் பாக்கிங் செக்‌ஷன் செல்வி, எம். புதுப்பட்டி என்ற ஊரிலிருந்து முதல் ஆளாக வந்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம். ஒரு கால் ஊனமான கறுப்பு நாயை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு ராசாத்தி என்று பேரும் வைத்துவிட்டார்.

முதல் புஸ்வாணம் அழகாகப் பூத்தது. முதலாளி கை தட்டினார். இரண்டாவது, கம்பெனி மானத்தையும் சேர்த்துக்கொண்டு, டமார் என்று வெடித்தது.

"ஆத்தாடி! ரோட்டுப் பக்கம் ஓடுதே!" என்று செல்வி அலறினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் வேகத்தைக் கூட்டினேன். டீக்கடையில் ஒருவர் எழுந்து கத்தினார். "ஏலே, பட்டாசு மேனேஜர் ஓடுறாருலே! எங்கனயோ தீப்பிடிச்சிருச்சு!"

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டீக்கடையே எழுந்து என்னோடு ஓடியது. யாரோ போன் போட்டிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு வந்துவிட்டது. 'தீ இல்லை, நாய்' என்று நான் மூச்சிரைக்கச் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ராசாத்தி ரோட்டோரம் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து கூப்பிட்டேன். உறுமிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. டாக்டர் கூட்டத்தை விலக்கினார். செல்வி புழுதியிலேயே உட்கார்ந்தார்.

"வா தாயி. நான் இருக்கேம்ல."

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை வந்து செல்வியின் மடியில் விழுந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. (புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.)

"யாரு வச்சது?" என்றார் டாக்டர். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"சத்தம் வராத சரக்குன்னு நெனச்சேன் டாக்டர்."

"ராசாத்திய செல்வியம்மா வீட்டுக்குத்தான் அனுப்பப்போறேன். ஆனா தீபாவளிக்கு அவுக தெருவுல வெடி கேக்கவா வேணும்? அன்னைக்கு மட்டும் அது உங்க பொறுப்பு."

அதிலிருந்து தீபாவளிதோறும் செல்வி ராசாத்தியை எங்கள் வீட்டில் விட்டுப் போகிறார். வீட்டில் சத்தம் குறைந்த இடம் குளியலறைதான். கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சட்டை நனைய உட்கார்ந்திருப்பேன். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் மேனேஜர் எங்கே என்று கேட்பார்கள். என் மனைவி சிரிக்காமல் பதில் சொல்வாள்.

"பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்காக. வெடிச்சத்தம்னா அவுகளுக்கு ஆகாது."