இருபத்திரண்டு பேர் கண்டெடுத்த ஒரு குழி

நெதர் பிக்லி வட்டார வரலாற்று மீட்பு மற்றும் உலோகத் தேடல் கழகம் மட்டும் இல்லாதிருந்தால் இங்கிலாந்துக்கு வரலாறே இருந்திருக்காது. இது மிகைப்படுத்தல் அல்ல. கழகத்தின் ஆண்டறிக்கையில் அச்சாகியிருப்பது. அரசர்கள் வரலாற்றை உண்டாக்கியிருக்கலாம், பேராசிரியர்கள் அதை எழுதியிருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டி, மெட்டல் டிடெக்டரும் மண்வெட்டியுமாக உழுத வயலில் இறங்கி, அந்த வரலாற்றை ‘மீட்டு’ வந்தவர்கள் கழகத்தின் இருபத்துமூன்று உறுப்பினர்களே.

இதுவரை மீட்கப்பட்ட வரலாற்றில் பெரும்பகுதி பீர் டின்னின் திறப்பு வளையமாக இருந்தது என்பதை வைத்து யாரும் கழகத்தை எடை போட்டுவிடக் கூடாது.

லயனல் ஃபிட்ச் ஒன்பது வருடமாக இதன் உறுப்பினர். வார நாட்களில் நாற்பத்தேழாம் எண் பேருந்தை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்றை மீட்டார். தான் மீட்டதையெல்லாம் தேதி, ஆழம், மழை உண்டா இல்லையா என்ற விவரங்களோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். டின் வளையம் அறுநூற்றுப் பதினொன்று. துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகம் பதினான்கு. டிராக்டர் மரையாணி, எண்ணிக்கை விடுபட்டது. கரண்டி ஒன்று. அந்தக் கரண்டி ரோமானியர் காலத்தது என்று இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்தார். மனைவி டோரீன் அதைத் தேய்த்துக் கழுவியபோது, பின்பக்கம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தின் முத்திரை தெரிந்தது.

லயனலுக்கு ஒரே ஓர் ஆசை. பிக்லி அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் பழம்பொருள்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டை. அட்டையில் கடைசி வரி, ‘கண்டெடுத்தவர்’ என்று தொடங்கி ஒரு பெயரில் முடியும். மற்றவர்கள் பொருளைப் பார்ப்பார்கள். லயனல் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வருவார். தன் பெயர் அப்படி ஒரு வரியில் வர வேண்டும். அவ்வளவுதான்.

“உன் பேரு பஸ்ஸுல தினமும் இருக்கே, ஓட்டுநர் ஃபிட்ச்னு,” என்பாள் டோரீன்.

“அதை யாரும் படிக்க மாட்டாங்க, டோரீன்.”

“அருங்காட்சியகத்துல மட்டும் கூட்டம் அலைமோதுதாக்கும்.”

அக்டோபர் மாதம் இரண்டாம் ஞாயிறு, விவசாயி ஹப்பர்டின் வயல். நல்ல இடங்களையெல்லாம் மூத்த உறுப்பினர்கள் வழக்கம்போல் பிடித்துக்கொண்டதால், லயனலுக்கு ஓடையை ஒட்டிய பள்ளமான மூலைதான் மிஞ்சியது. காலை பதினொன்று பத்துக்குக் கருவி ‘டிங்’ என்றது. திரையில் உலோகத்தைக் குறிக்கும் எண் எண்பத்துநான்கு. டின் வளையத்துக்கு அறுபதைத் தாண்டாது. லயனல் விதிப்படி மண்ணை மூன்று பக்கம் வெட்டி, புல் அறுந்துபோகாமல் மூடி போலத் திருப்பிப் போட்டார். ஒரு முழ ஆழத்தில் கலப்பை உடைத்த மண் குடுவை. அதற்குள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளிக் காசுகள். முன்பக்கம் இரண்டு காதுக்கும் மேலே சுருள் முடி வைத்த ராஜா, பின்பக்கம் விளிம்பு வரை நீண்ட சிலுவை. எழுநூறு வருடப் பழசு. இருபத்திரண்டு இருந்தன.

இந்த இடத்தில் வேறு எந்தப் புத்திசாலியாக இருந்தாலும், காசுகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வானிலையைப் பற்றி யோசிப்பது போல் நடந்து போயிருப்பான். லயனல் விதிகளை மதிப்பவர். தன் முதல் பழைய வெள்ளிக்காசைக் கண்டெடுத்தவர் அதே இடத்தில், அனைவரும் காணும்படி, ஆட வேண்டும் என்பது கழகத்தின் பன்னிரண்டாம் விதி. கழகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த விதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு யாருக்கும் கிடைத்ததில்லை. லயனல் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது.

ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள்.

“மாப்ளே, அடிச்சுட்டியேடா!” என்று முதுகில் தட்டினான் பிளம்பர் ஆர்ச்சி.

தலைவர் பெர்சிவல் ஸ்டோக்ஸ் தட்டவில்லை. முப்பத்தோரு வருடம் தப்பான இடத்தில் நிறுத்திய கார்களின் கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டி ஓய்வு பெற்றவர் அவர். குழியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்.

“எத்தனை?”

“இருபத்திரண்டு, தலைவரே.”

“இது புதையல்,” என்றார் தலைவர். யாருக்கோ புற்றுநோய் என்று சொல்லும் குரல்.

“புதையல்னா நல்லதுதானே, தலைவரே?”

“நல்லதா? சட்டம் படிச்சிருக்கீங்களா, லயனல்? முந்நூறு வருஷத்துக்கு மேல பழசான வெள்ளிக்காசு ரெண்டு ஒரே இடத்துல கிடைச்சாலே புதையல். பதினாலு நாளைக்குள்ள அதிகாரிக்குச் சொல்லியாகணும். அருங்காட்சியகம் எடுத்துக்கும். குடுக்குற பரிசுல பாதி ஹப்பர்டுக்கு. அந்த ஆளுக்குத்தான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு விஸ்கி பாட்டில் குடுக்கறோமே, இன்னும் என்ன? அதுக்கப்புறம் ஆராய்ச்சிக்காரங்க பிரஷ்ஷோட வந்து மூணு வருஷம் வயலை வருடுவாங்க. நாம வேலிக்கு வெளிய நின்னு சாண்ட்விச் தின்னுக்கிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.”

“ஒரே ஒரு காசு கிடைச்சா?” என்று கேட்டான் ஆர்ச்சி. ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில்.

“ஒத்தைக் காசு புதையல் ஆகாது. யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. எடுத்தவங்களே வச்சுக்கலாம்.”

ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையை எண்ணினார்கள்.

வயலோரம் போட்டிருந்த கழகத்தின் தேநீர்க் கூடாரத்துக்குள் ‘அவசரப் பொதுக்குழு’ கூடியது. ‘வரலாற்றைக் கூட்டுப் பொறுப்பில் பாதுகாக்கும் தீர்மானம்’ முன்மொழியப்பட்டது. அதன்படி, இருபத்திரண்டு உறுப்பினர்கள் வெவ்வேறு இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஆளுக்கு ஒரு காசு கண்டெடுத்தார்கள். காலம் மட்டும் சற்று முன்பின்னாக இருந்தது; இனிமேல்தான் கண்டெடுக்கப் போகிறார்கள்.

“நாம இருபத்துமூணு பேரு இருக்கோமே, தலைவரே,” என்றார் லயனல்.

“அதைத்தான் சொல்ல வந்தேன். குழி தோண்டினது நீங்க. உங்க பேர்ல ஒரு காசு வந்தா, மீதி எங்கன்னு கேள்வி வரும். உங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்.”

“அப்போ நான் என்னதான் கண்டுபிடிச்சேன்?”

“சட்டப்படி, ஒண்ணும் இல்ல,” என்றார் தலைவர் கனிவாக. “ஆனா கழகம் மறக்காது.”

லயனல் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளும் இந்த இருபத்திரண்டு பேரோடுதான் கழிந்திருந்தன. அவர்களைவிட்டால் அவருக்குத் தெரிந்தவர்கள் நாற்பத்தேழாம் எண் பேருந்தில் ஏறுபவர்கள்தான். அவர்கள் முதுகுப் பக்கம் உட்காருவார்கள். காசுகளை மேசையில் வைத்தார். காலிக் குடுவையை யாரும் கேட்கவில்லை; அதைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் பன்னிரண்டாம் விதி நிறைவேற்றப்பட்டது. இருபத்திரண்டு பேர் வயலின் இருபத்திரண்டு இடங்களுக்குப் போய், தங்கள் வாழ்வின் முதல் வெள்ளிக்காசை வியப்போடு கண்டெடுத்து, வரிசைப்படி ஆடினார்கள். தலைவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால் நாற்காலியில் அமர்ந்தபடி ஆடினார். கைதட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. லயனல் தட்டினார்.

டோரீன் முழுவதையும் கேட்டாள். குடுவையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்சுவரில் காசுகள் அடுக்கியிருந்த இடத்தில் பச்சைக் கறை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது.

“நீ தோண்டி எடுத்து, நீயே குடுத்து, நீயே கையும் தட்டினியா?”

“மரியாதைக்குத் தட்டினேன்.”

“யாரு மரியாதைக்கு? போய் அந்த அருங்காட்சியகத்துப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லு, லயனல். நீ சொல்லலேன்னா நான் பஸ்ஸுல ஏறி நின்னு சொல்வேன்.”

ஒற்றைக் காசைப் பதிவு செய்யும் கட்டாயம் இல்லை. ஆனாலும் பதிவு செய்தால் ‘பொறுப்புள்ள தேடுநர்’ என்று சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழோடு விற்றால் காசுக்கு மதிப்பும் கூடும். எனவே வரலாற்றின் நலன் கருதி கழகம் பதிவு செய்தது. அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் ஹேரியட் வேல் பெரிய வரைபடத்தோடு வந்து தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து, தான் கண்டெடுத்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டார்கள். அடுத்தவர் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தால் ‘ஒரே இடம்’ ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஓடை மூலைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவே இல்லை.

இருபத்திரண்டாவது புள்ளி விழுந்ததும் டாக்டர் ஹேரியட் எழுந்து நின்றுவிட்டார்.

“இது சும்மா வயல் இல்ல! பாருங்க, காசு பூரா பரவிக் கிடக்கு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால இங்க பெரிய சந்தை நடந்திருக்கு! வந்தவங்க பையிலிருந்து ஒவ்வொண்ணா விழுந்திருக்கு!”

“எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு,” என்றார் தலைவர்.

“எல்லாம் ஒரே ராஜா காசுதான்...” டாக்டர் ஒரு கணம் யோசித்தார். “அப்போ சந்தை ஒரே ஒரு நாள்தான் நடந்திருக்கணும். அடேயப்பா, இது இன்னும் அபூர்வம்!”

கடைசியாக லயனல் போனார். குடுவையை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு ஆழம், திரையில் என்ன எண். ஓடை மூலையில் விரலை வைத்து, “இருபத்திரண்டும் இங்கதான் இருந்துச்சு, டாக்டர்,” என்றார்.

டாக்டர் ஹேரியட் குடுவைக்குள் பார்த்தார். பச்சை வட்டங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கிடந்த இருபத்திரண்டு கையெழுத்துகளைப் பார்த்தார். மேலிடத்துக்கு ‘சந்தை’ என்று எழுதத் தொடங்கியிருந்த தன் கடிதத்தைப் பார்த்தார்.

“மிஸ்டர் ஃபிட்ச், உங்க மூலையிலதான் ஒரு புள்ளி கூட இல்லையே.”

“அவங்க வைக்கல, டாக்டர். அதனாலதான் இல்ல.”

“இருபத்திரண்டு பேர் தனித்தனியா ஒரே மாதிரி சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் மாத்திச் சொல்றீங்க. ஆராய்ச்சின்னு ஒண்ணு இருக்கு இல்லையா?” குடுவையைத் துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். “இதுல செடி வைங்க. அழகா இருக்கும்.”

ஏப்ரலில் அருங்காட்சியகத்தில் ‘பிக்லி பெருஞ்சந்தை’ கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்குள் ஹப்பர்டின் வயல் பாதுகாக்கப்பட்ட நிலமாகிவிட்டது. யாரும் கருவியோடு உள்ளே இறங்கக் கூடாது. கழகம் இந்தத் தியாகத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டு பக்கத்து ஊருக்கு மாறியது. கண்ணாடிப் பெட்டியில் இருபத்திரண்டு காசுகள், இருபத்திரண்டு அட்டைகள், கடைசி வரியில் இருபத்திரண்டு பெயர்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு வரைபடம். புள்ளியில்லாத ஓடை மூலைக்கு நீல வண்ணம் அடித்து, சந்தைக்கு வந்தவர்கள் ஒதுங்கிய இடம் என்று விளக்கம் எழுதியிருந்தார்கள். அதன் கீழும் ஓர் அட்டை இருந்தது.

டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். “‘இவ்விடத்தில் காசு எதுவும் இல்லை. தேடிப் பார்த்து உறுதி செய்தவர்: லயனல் ஃபிட்ச்.’”

“பேரு வந்துடுச்சு பாத்தியா,” என்றார் லயனல். சிரிக்கத்தான் முயன்றார்.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “எங்க உறுப்பினர்கள்ல ஒருத்தர்கூட, கையில கிடைச்சதை மறைக்கல. சட்டம் கேக்காத போதே கொண்டுவந்து காட்டினவங்க நாங்க!” டாக்டர் ஹேரியட் முதலில் கைதட்டினார், கூடம் தொடர்ந்தது. கேள்வி ஏதும் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

டோரீன் எழப் போனாள். லயனல் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். கோட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

“எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இந்தக் காசெல்லாம் எந்தக் குழியிலிருந்து வந்துச்சுன்னு தெரியாதவங்க மட்டும் கையைத் தூக்குங்க, பாப்போம்.”

ஆர்ச்சி தன் காலணியைப் பார்த்தான். தலைவர் தண்ணீர் குடித்தார். இருபத்திரண்டு பேரின் நாற்பத்துநான்கு கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. டாக்டர் ஹேரியட்டின் கைகளும் அசையவில்லை.

கழகத்தின் வரலாற்றில் அதன் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் உண்மை சொன்னது அதுவே முதல் முறை.